கழிவில் எத்தனை வகை? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுற்றுப்புறக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு ஆகியவை பற்றி வந்த கடிதங்களில், ஒன்றுக்கொன்று தொடர்புடைய ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகன் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறான். தையல்காரர் சும்மா காத்திருப்பது வேஸ்ட், ஆர்டருக்கு மேல் தைப்பது வேஸ்ட், கட்டிங் பிரிவுக்கும் தையல் பிரிவுக்கும் இடையே நடப்பதுகூட வேஸ்ட் என்கிறான். மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போவதும் வேஸ்ட்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? – வாசகர், திருப்பூர்

உண்டு. உங்கள் மகன் சொல்லும் கணக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் உருவான உற்பத்தி முறையைச் சேர்ந்தது. அந்த முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான தாய்ச்சி ஓனோ, வாங்குபவருக்குப் பயன் தராத எதுவும் வீண் என்ற அடிப்படையில் ஏழு வகை வீண்களைப் பட்டியலிட்டார். தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, சரக்கை அங்குமிங்கும் நகர்த்துவது, வேண்டியதற்கு மேல் வேலைப்பாடு, தேங்கிக் கிடக்கும் இருப்பு, தொழிலாளியின் தேவையற்ற அசைவு, குறையுள்ள பொருள் ஆகியவையே அந்த ஏழு. இவற்றுள் மிகை உற்பத்தியே மிகக் கெட்டது என்று அவர் கருதினார். மற்ற குறைகளை எல்லாம் அது சரக்குக் குவியலுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரின் கட்டிங் மேசை ஒன்றின் அருகே நின்று பாருங்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் ஆடைப் பாகங்களை வரைந்த மார்க்கர் தாளை வைத்து, முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப் பட்டி என்று எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும், அக்குள் வளைவிலும் கழுத்து வளைவிலும் இடைவெளி விழத்தான் செய்யும். நூறு கிலோ துணியில் பத்து முதல் பதினைந்து கிலோ வரை துண்டாகப் போவது சாதாரணம். ஆனால் அந்தத் துண்டை யாரும் குப்பையில் போடுவதில்லை. வெள்ளை தனியாக, கலர் தனியாகப் பிரித்து, மூட்டை கட்டி, எடை போட்டு, ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். பெரிய துண்டுகள் இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகின்றன. சிறியவை கிழிக்கப்பட்டு மறுபடி பஞ்சாகி, ஓப்பன் எண்ட் எனப்படும் நூற்பு மில்களில் தடித்த நூலாகி, போர்வையாகவும் மிதியடியாகவும் கையுறையாகவும் திரும்பி வருகின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இந்தக் கழிவு, உண்மையில் விலையுள்ள ஒரு சரக்கு.

இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்ப்போம். சாயமேறி வந்த துணியின் ஷேடு, அதாவது நிறச் சாயல், வாங்குபவர் ஒப்புதல் தந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி மறுபடியும் சாயப்பட்டறைக்குப் போகிறது. பழைய நிறத்தை உரித்து, மறுபடி உப்பும் சோடாவும் சாயமும் வெந்நீரும் சேர்த்து இரண்டாம் முறை சாயமேற்றுகிறார்கள். கூடுதலாக ஒரு மீட்டர் துணிகூட உற்பத்தியாகவில்லை. தொழிற்சாலை முற்றத்தில் ஒரு பிடி குப்பையும் சேரவில்லை. ஆனால் அந்தத் துணிக்காகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன உப்பும் நீரும் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டன. உங்கள் மகனின் ஏட்டில் இது ‘குறையுள்ள பொருள்’ என்ற தலைப்பில் சில மணி நேர இழப்பாகப் பதிவாகும். சுத்திகரிப்பு நிலையத்தின் ஏட்டில் இதே நிகழ்ச்சி கிலோ கணக்கில் உப்பாகப் பதிவாகும். இரண்டு ஏடுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் நிறுவனங்கள் குறைவு என்பதே வருத்தம். ஆர்டருக்கு மேல் வெட்டித் தைத்த ஆடைகளின் கதையும் இதுவேதான். அவை ஸ்டாக் லாட்டாகி, லேபிள் வெட்டப்பட்டு, காதர்பேட்டையில் அடக்க விலைக்கும் கீழே போகின்றன. வாங்கி அணிபவருக்கு லாபம்தான். அந்த ஆடைக்காக ஓடிய சாய நீர் ஓடியதுதான்.

ஓனோவின் பட்டியலிலும் ஒரு குறை உண்டு என்பது என் கருத்து. சாக்கடை வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறுவதை அது தனியொரு வீணாக எண்ணவில்லை. ஏழிலும் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டே ஒரு தொழிற்சாலை ஆற்றைக் கெடுக்க முடியும்.

நொய்யல் கரையோரம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. சாயக் கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிட்டால் போதாதா? நிறமே இல்லாத நீரும் பயிரைக் கெடுப்பது எப்படி? – வாசகர், காங்கேயம்

நிறம் கண்ணை உறுத்துவதால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். உங்கள் நிலத்தின் எதிரி உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குச் சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் சோடியம் சல்பேட்டோ சாதாரண உப்போ போடுகிறார்கள். சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுவது மட்டுமே உப்பின் வேலை; இழையோடு அது சேர்வதில்லை. ஆகவே போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்தாக வேண்டும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறமும் கசடும் அடியில் படியும், நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டால் கரிமப் பொருள் சிதையும்; கரைந்திருக்கும் உப்பை இவை எதுவும் தொடுவதில்லை. தெளிந்த நீர் என்று வயலுக்குப் பாய்ச்சினால், சோடியம் களிமண்ணில் உள்ள கால்சியத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மண்ணின் கட்டமைப்பு குலைகிறது. நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் இறுகுகிறது. நீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுவிடாது. கரைந்த திடப் பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்ற வரம்பு ஏற்பட்டது இதனால்தான்.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. அந்த ஆற்றின் பாசனதாரர்களே மாசுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது. வழக்குகள் நீண்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறுவிய பிறகே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன.

அந்த முறையில், கசடும் கரிமப் பொருளும் நீங்கிய நீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். நீரின் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பவும் சாயப்பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் செறிந்த உப்பு நீரை ஆவியாக்கிகளில் கொதிக்க வைத்து, குளிரவிட்டு, சோடியம் சல்பேட்டைப் படிகமாகப் பிரித்து மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் கடைசியில்தான் வருகிறது. ஓர் ஆலை சோடியம் சல்பேட்டும் இன்னோர் ஆலை சாதாரண உப்பும் பயன்படுத்த, இரண்டும் ஒரே குழாயில் வந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்தால், பிரிக்க முடியாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. யாருக்கும் வேண்டாத இந்த உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தனித்தனியே இருந்திருந்தால் இரண்டுமே விற்கக்கூடிய உப்புகள். ஆவியாக்க ஆகும் மின்சாரமும் விறகும் வேறு கணக்கு. நீர்க் கழிவைத் திடக் கழிவாகவும் புகையாகவும் மாற்றியிருக்கிறோம் என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பாதி உண்மை. நொய்யலில் கரைந்து ஓடிய உப்பை ஒருவராலும் திரும்ப அள்ள முடியாது. கொட்டகையில் இருக்கும் உப்புக்கு நாளை ஒரு வழி கிடைக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கழிவின் வகைகளைப் பற்றி ஒரு விளக்கப்படம் தயாரிக்கிறோம். திடம், திரவம், வாயு என்று பிரித்தால் சரியா? – ஆசிரியை, நாமக்கல்

தவறில்லை, ஆனால் அது பயன் தராத பிரிவு. பாதரசமும் சாய நீரும் திரவம் என்று ஒரே கட்டத்தில் அமர்ந்துவிடும். சட்டம் வேறு வழியில் பிரிக்கிறது. ஊர்த் திடக்கழிவு, நெகிழி, மருத்துவமனைக் கழிவு, தொழிற்சாலையின் அபாயக் கழிவு, கட்டட இடிபாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2016-இல் தனித்தனி விதிகளும், மின்னணுக் கழிவுக்கும் மின்கலத்துக்கும் 2022-இல் விதிகளும் வெளியிடப்பட்டன. எங்கே பிறந்தது, யார் கையாள வேண்டும், தவறினால் என்ன கேடு என்பதை ஒட்டிய பிரிவு இது. உங்கள் படத்தையும் அவ்வாறே அமைக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அனல்மின் நிலையச் சாம்பலைக் காட்டுங்கள். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் இருப்பது வழக்கம். புகைபோக்கிக்கு முன்னால் மின்புலத்தால் பிடிக்கப்படும் பறக்கும் சாம்பலை உலர்ந்த நிலையிலேயே கொள்கலனில் சேர்த்தால், சிமெண்ட் ஆலைகள் லாரி அனுப்பி எடுத்துக்கொள்கின்றன. சாம்பல் கலந்து செய்யும் போசலானா சிமெண்டில் 35 விழுக்காடு வரை அதைச் சேர்க்கத் தர விதி இடமளிக்கிறது. அதே சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினால் சிமெண்டுக்குரிய மதிப்பை இழக்கிறது. குழாய் கசிந்தால், எண்ணூர்ப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் நடந்ததுபோல் சாம்பல் ஆற்றில் போய்ப் படியும். பொருள் ஒன்றே, உலர்ந்து எடுத்தார்களா, நீரில் விட்டார்களா என்பதில் வகை மாறிவிடுகிறது. விளக்கப்படத்தில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்குவது கடினம்தான். ஒதுக்க முடிந்தால், மற்றக் கட்டங்களைவிட அதுவே மாணவர்கள் மனத்தில் நிற்கும்.

மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டில் பிரித்து வைக்கிறேன். வண்டிக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார். பிறகு நான் பிரிப்பதில் என்ன பயன்? – வாசகி, மதுரை

உங்கள் கோபம் நியாயமானது. பிரித்து வாங்குவதும் பிரித்தபடியே கொண்டு செல்வதும் உள்ளாட்சி அமைப்பின் கடமை. எழுத்தில் புகார் தாருங்கள். ஆனால் பயனே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். காய்கறித் தோலின் ஈரம் படாத பழைய தாள், அட்டைப்பெட்டி, பால் கவர், பாட்டில் ஆகியவற்றை வண்டிக்கே கொடுக்க வேண்டியதில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கொடுக்கலாம். சாம்பார் வழிந்த அட்டையைக் கடைக்காரர் ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள்; ஒரு பொருள் எந்த நொடியில் சரக்கிலிருந்து குப்பையாக மாறுகிறது என்பதை அவர் கை அறியும். மாதவிடாய் அணையாடை, டயப்பர் ஆகியவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். குப்பையைத் தரம் பிரிப்பவர் வெறுங்கையால் அதைத் தொட நேரக் கூடாது. காலாவதி மாத்திரை, பெயிண்ட் டப்பா, குழல் விளக்கு, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவை வீட்டு அபாயக் கழிவு. இவை தினமும் சேர்வதில்லை. ஒரு மூடியுள்ள வாளியில் போட்டு வைத்து மாதத்துக்கு ஒருமுறை ஒப்படைத்தால் போதும்.

சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். நெகிழிப் படலமும் உலோகப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிக்கும் செலவு பொருளின் மதிப்பைவிட அதிகம். அதற்கு உங்கள் வீட்டில் தீர்வு இல்லை. அதை வடிவமைத்தவரிடம்தான் இருக்கிறது.

மரவள்ளிக் கிழங்கு இயற்கைப் பொருள். ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் நீர் எப்படி மாசு ஆகும்? – வாசகர், ஆத்தூர்

இயற்கையானது, மக்கக்கூடியது என்பதெல்லாம் கேடற்றது என்பதற்கு ஈடாகாது. கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவிட்ட பின் வடியும் நீரில் மாவுச்சத்து கரைந்தும் மிதந்தும் நிற்கிறது. அது ஓடையில் சேர்ந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. பிறகு ஆக்சிஜன் இல்லாத நீர் அழுகிய முட்டை நாற்றம் எடுக்கிறது. நுண்ணுயிர்கள் இப்படி இழுக்கும் ஆக்சிஜனின் அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்கிறார்கள்; நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு அது லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. சுத்திகரிக்காத ஜவ்வரிசி நீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அதே நீரை மூடிய தொட்டியில் விட்டால், ஓடையில் செய்யும் வேலையை நுண்ணுயிர்கள் அங்கே காற்றில்லாமல் செய்து எரிவாயு தருகின்றன. உங்கள் மாவட்டத்திலேயே பல ஆலைகள் அந்த வாயுவில் எரிபொருள் செலவைக் குறைத்திருக்கின்றன. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியைத் தீவனத்துக்கு விற்கத் தெரிந்த தொழிலுக்கு, நீரையும் விற்பனைச் சரக்காகப் பார்க்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் வியப்பு.

சர்க்கரை ஆலைகள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டன. கரும்பை ஆட்டினால் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை, ஏறத்தாழ மூன்று பங்கு சக்கை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அந்தச் சக்கையிலிருந்தே தாள் செய்வதற்கென்று தொடங்கப்பட்டது. சக்கையை எரித்துக்கொண்டிருந்த ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்கிறார்கள். கழிவைப் பயன்படுத்த நினைப்பவர், அந்தக் கழிவு ஏற்கெனவே யாருக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்று பார்த்து அவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதை அங்கே நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

ஒரு காலத்தில் மஞ்சி மில் ஓரங்களில் மலைபோல் கிடந்த நார்த்தூள் இப்போது ஏற்றுமதியாகிறது. கழிவு காசானது நல்லதுதானே? கிணற்று நீர் பழுப்பாகிறது என்று ஏன் புகார் சொல்கிறார்கள்? – வாசகர், பொள்ளாச்சி

நல்லதுதான், புகாரும் சரிதான். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தால், நாரைவிட அதிகமாகத் தூள் விழுகிறது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் தன்மையால், வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாக இது பயன்படுகிறது. கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறோம். ஆனால் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. உப்பு மிகுந்த தூளில் நாற்று வாடும் என்பதால், உப்பு குறைவாக இருப்பதால் மின்கடத்து திறனும் குறைந்த ‘லோ ஈ.சி.’ தூளுக்குத்தான் நல்ல விலை. அந்த விலைக்காகக் களத்தில் தூளைப் பரப்பி நல்ல நீரால் மறுபடி மறுபடி கழுவுகிறார்கள். வெளியேறும் உப்பும், மட்டையின் துவர்ப்புச் சத்தான டானினின் பழுப்பு நிறமும் வெறும் மண் களத்தில் நேரே கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகின்றன. ஒல்லாந்தில் தக்காளி நன்றாகக் காய்ப்பதற்கு வேண்டாத உப்பு, பொள்ளாச்சியில் தங்கிவிடுகிறது.

களத்துக்குச் சிமெண்ட் தளம், கழுவிய நீரைச் சேர்க்கும் தொட்டி, அந்த நீரையே முதல் கழுவலுக்குத் திரும்பப் பயன்படுத்துவது, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல நீர் என்ற ஏற்பாடு செய்தால் நீரும் மிச்சமாகும், உப்பும் ஓரிடத்தில் நிற்கும். செலவு பிடிக்கும். தூளுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும் என்பதை மில் உரிமையாளர் சங்கங்கள் தாமே முன்வந்து விதியாக்கினால், அதிகாரிகள் வந்து பூட்டுப் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் பழைய பாதரச வெப்பமானி கீழே விழுந்து உடைந்துவிட்டது. துடைப்பத்தால் கூட்டி எறிந்துவிடலாமா? – வாசகி, திண்டுக்கல்

கூடாது. துடைப்பம் பாதரசத்தை இன்னும் சிறு மணிகளாக உடைத்துப் பரப்பும். குழந்தைகளை அறையிலிருந்து வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டை இரண்டால் மணிகளை ஒன்றாக ஒதுக்கி, அட்டையிலேயே அள்ளி, இறுக மூடும் சிறு புட்டியில் போடுங்கள். மிஞ்சிய துளிகளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்து, நாடாவையும் கண்ணாடித் துண்டுகளையும் அதே புட்டியில் சேர்த்து, மேலே பாதரசம் என்று எழுதி ஒட்டுங்கள். நீர் ஊற்றிக் கழுவி வடிகாலில் விடாதீர்கள்.

ஒரு வெப்பமானியில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம்தான். ஆனால் உங்கள் ஊருக்கு மேலேயுள்ள கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி சாதாரணக் காயலான் சரக்காக அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடைக்குப் போயிருந்தது 2001-இல் வெளியே வந்து, அதோடு ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆலை நின்ற இடத்து மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய விவாதம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. புட்டியை மாநகராட்சியின் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். அந்த ஏற்பாடு உங்கள் பகுதியில் இன்னும் வரவில்லையென்றால், வண்டியில் போடாமல் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, சுகாதார ஆய்வாளரிடம் நேரில் கேட்டுக் கொடுங்கள். புதிதாக வாங்கும்போது டிஜிட்டல் வெப்பமானியே வாங்குங்கள். அதன் சிறு மின்கலம் தீர்ந்ததும் அதுவும் மேலே சொன்ன மூடியுள்ள வாளிக்குப் போகட்டும்.